நாற்பது வயதுப் பற்கள்

செருப்பு வாங்கக் கிளம்பியவர்கள் செருப்பில்லாமல் திரும்பி வந்ததுதான் போன சனிக்கிழமையின் மர்மம். "அளவு கிடைக்கல" என்றாள் மகள். "கலர் பிடிக்கல" என்றாள் மைத்துனி. இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டன. அவன் இரண்டையும் நம்பியதுபோல் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். இப்போது சாப்பிடுகிறான். வேலைக்குப் போகிறான். பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. வீட்டில் அவனும் பதினைந்து வயது மகளும் மட்டும். மைத்துனி மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். இவர்கள் குடும்பத்திலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அவ்வப்போது மிதிப்பவள்.

ஞாயிற்றுக்கிழமை மர்மம் இன்னும் கூடியது. வீடெங்கும் நீல வட்டங்கள் முளைத்தன. சட்டைப் பொத்தான் அளவில் ஸ்டிக்கர்கள். சுவர்க் கடிகாரத்தில், குளியலறைக் கண்ணாடியில், ஃபிரிட்ஜில், மேசை விளக்கில், வாசல் கதவின் உள்பக்கத்தில். திங்கட்கிழமை கடிகாரத்தில் இருந்தது காணவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கில் இருந்ததும் போய்விட்டது. யாரோ எதையோ கழித்துக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

புதன்கிழமை காலை, அவன் நாற்காலியின் முதுகில் ஒன்று இருப்பதைப் பார்த்தான். மூன்று நாளாக அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

"எறும்பு, இது என்ன?"

எதையாவது தூக்கிக்கொண்டே நடப்பதால் அவளுக்கு எறும்பு என்று பெயர் வைத்தது அவள் அம்மா. இப்போதும் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அவனுடைய மதியச் சாப்பாட்டு டப்பா.

"ஸ்டிக்கர்."

"அது தெரியுது. எதுக்கு?"

"ப்ராஜெக்ட்."

"என்ன ப்ராஜெக்ட்?"

"முடிஞ்சதும் சொல்றேன். முட்டை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

அவள் தட்டை ஓரக்கண்ணால் சரிபார்த்தாள். அவன் நகத்தால் அந்த வட்டத்தின் விளிம்பைச் சுரண்டினான்.

"எடுக்காதீங்க!"

குரல் பாத்திரம் விழுந்ததுபோல் கேட்டது. அடுத்த நொடியே அவள் சிரித்தாள். "சும்மா இருக்கட்டும்ப்பா. பஸ் வந்துடும், வரேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவன் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கலாம். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

*

பட்டறையில் ஒரு விளையாட்டு உண்டு. பல் செய்பவர்கள் பல்லின் சொந்தக்காரரைப் பார்ப்பதே இல்லை. கிளினிக்கிலிருந்து வாயின் அச்சு வரும். கூடவே ஒரு சீட்டு வரும். எண், வயது, என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும், பெயர் இருக்காது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டரில் வார்த்தெடுத்த வாயைப் பார்த்து ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். தோற்றவர் செலவில் டீ.

"வா தம்பி. நல்ல வாய் ஒண்ணு வந்திருக்கு" என்றார் மெழுகு.

மெழுகில் பல் செதுக்குவதில் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பல் நான்குதான் மிச்சம். ஆனாலும் பல்செட் போட்டுக்கொள்ள மாட்டார். "நான் பண்றது எனக்குத் தெரியாதா?" என்பார்.

"நைட் கார்டு கேட்டிருக்காங்க. ராத்திரி பல்லு கடிக்கற கேஸ், உறை மாட்டணும். கீழ்த்தாடை ரெடி. மேல்தாடை இன்னும் இறுகல. காத்திருக்கியா?"

"கீழ் போதும்ண்ணே."

அவன் பிளாஸ்டர் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். மெதுவாகத் திருப்பினான். காலையில் வீட்டில் இருந்த அவன் வேறு, பட்டறையில் இருக்கும் இவன் வேறு. இவனுக்குக் கண் கூர்மை, வாயும் கொஞ்சம் நீளம்.

"கோரைப் பல்லு ரெண்டும் முனை மழுங்கிடுச்சு. முன்னாடி நாலும் இஸ்திரி போட்ட மாதிரி ஒரே மட்டம். இது நேத்து இன்னைக்கு வேலை இல்லண்ணே. மாசக்கணக்கா நடக்குது."

"வயசு?"

"நாப்பது. என்னைவிட ரெண்டு கூட வெச்சுக்கோங்க."

"லாரி டிரைவர்" என்றார் மெழுகு.

"சான்ஸே இல்ல. டிரைவருக்குக் கோவம் வந்தா ஹார்ன்ல தீர்த்துடுவான். இது கத்தாத ஆள். பகல்ல சிரிச்சுப் பேசும். யாருக்கு என்ன வேணும்னு பாத்துப் பாத்துச் செய்யும். வீட்டுல யாரோ ஒருத்தரைத் தூக்கிச் சுமக்குது. சீக்காளியா இருக்கலாம், குடிகாரனா இருக்கலாம். அந்த ஆள் முன்னாடி வாயைத் திறக்க முடியாது. அதான் ராத்திரி பூரா அரைக்குது."

"இதெல்லாம் பல்லுல தெரியுதா உனக்கு?"

"தெரியாது. ஆனா ஜெயிப்பேன்."

மெழுகு நான்கு பல்லும் தெரியச் சிரித்தார். "சரி, அந்தச் சீக்காளி எப்படி? அவனையும் சொல்லிடு."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சௌகரியமா இருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். வீட்டில் வராத சிரிப்பு அவனுக்கு இங்கே வரும். ஏன் என்று அவன் யோசித்ததில்லை.

டீ என்ன டீ, கூடவே பிஸ்கட்டும் என்று முடிவானபோது மேல்தாடை இறுகியிருந்தது. மெழுகு அச்சிலிருந்து அதைப் பிரித்து, ஓரத்தைத் தேய்த்து, அவன் மேசையில் வைத்தார்.

அவன் எடுத்தான்.

வலது பக்கம் இரண்டாவது பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு திருப்பம். அவன் மனைவிக்கு அந்தப் பல் இருந்தது. கல்யாணமான புதிதில் "நேர்பண்ணித் தரேன்" என்று கேட்டிருக்கிறான். "இது இல்லன்னா நான் யாருன்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும்" என்று மறுத்துவிட்டாள்.

எட்டிப் பார்க்கும் பல் ஊரில் நூறு பேருக்கு இருக்கும். ஆனால் இதில் முன்பல்லின் ஓரம் ஒரு சிறு துண்டு உடைந்திருந்தது. ஒன்பது வயதில் எறும்பு சைக்கிளிலிருந்து விழுந்தபோது உடைந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தவன் அவன்தான். "இத்துனூண்டுதான், விடு" என்று சொன்னவனும் அவன்தான்.

உள்ளே எதுவும் நடக்கவில்லை.

அவன் மேல்தாடையைக் கீழ்த்தாடையின்மேல் வைத்தான். அதது தன் இடத்தைக் கண்டுபிடித்துப் பொருந்தியது. தேய்ந்த இடம் தேய்ந்த இடத்தோடு. அப்படி வைத்தபோது அந்த வாய் எவ்வளவு அழுத்தமாக மூடிக்கொள்ளும் என்று தெரிந்தது.

"அண்ணே, நான் தோத்துட்டேன்."

"சீட்டையே இன்னும் திருப்பலையேப்பா?"

"வயசு தப்பு."

மெழுகு சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் மேசை விளக்கை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அவன் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கண்ணாடிபோன்ற தகட்டைச் சூட்டில் வைத்தான். அது தொய்ந்து வந்ததும் மேல்தாடையின்மேல் இறக்கி அழுத்தினான். ஆறியதும் ஓரம் வெட்டினான், தேய்த்தான், பாலிஷ் பிடித்தான். ஈறில் படும் விளிம்பை நாக்கில் வைத்துப் பார்த்தான். பட்டறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பிறகு கழுவிப் பெட்டியில் போட்டான்.

அதன்பின்தான் மைத்துனிக்குப் போன் செய்தான்.

"செருப்பு என்ன கலர்?" என்றான்.

அந்தப் பக்கம் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு, "மதியம் வரேன் அத்தான். வாசல்ல நில்லுங்க."

*

பயிற்சிக் கார். கூரைமேல் பலகை, பின்னால் "கற்றுக்கொள்பவர், விலகிச் செல்லவும்." மைத்துனி அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துத் தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி ஓரமாக நின்றிருந்தது. இருந்தாலும் அவள் கால் பிரேக்கின்மேல்தான் இருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பல்லு என் மேசைக்கு வந்துச்சு."

"என்னது?"

"அந்தக் கிளினிக்குக்கும் நாங்கதான் பண்ணிக் குடுக்கறோம்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஊர்க்கோடியில இருக்கற டாக்டரைத் தேடிப் பிடிச்சேன் அத்தான்! என் கார்ல போனா யாராவது பாத்துடுவாங்கன்னு சனிக்கிழமை ரெண்டு பஸ் மாறிப் போனோம். கடைசியில பல்லை உங்க கையிலயே குடுத்தாச்சு!"

"ஊருக்கே பட்டறை ஒண்ணுதான்."

"அதை யாரு யோசிச்சா?" அவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். அவன் சிரிக்கவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு வாரம் முன்னாடி ஸ்கூல்ல சாப்பிடற நேரத்துல அவளுக்கு வாய் திறக்கல. தாடை பிடிச்சுக்கிச்சு. டீச்சர் பயந்துபோய் வீட்டு நம்பர் கேட்டிருக்காங்க. இவ என் நம்பரைக் குடுத்திருக்கா."

"என் நம்பரை..."

"குடுக்கல."

எதிரே ஒரு சைக்கிள்காரர் போனார். மைத்துனியின் கால் தானாக அழுந்தியது.

"நான் போனதும் அவ முதல்ல சொன்னது என்ன தெரியுமா அத்தான்? 'அப்பா இப்பதான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கார். கெடுத்துடாதீங்க.' வாயே திறக்கல, பல்லுக்கு நடுவுல இருந்து சொல்றா."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

"காலையில தலைவலி, டெஸ்ட்டுன்னா வயித்துவலி, நடு வகுப்புல படபடப்பு. நான் பரீட்சை பயம்னு நினைச்சேன். டாக்டரம்மாவும் முதல்ல அதான் நினைச்சாங்க. இவதான், 'இல்ல, எதனாலன்னு நான் கண்டுபிடிக்கறேன்'னு ஏதோ ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கா. என்ன ஆராய்ச்சின்னு எனக்கும் சொல்லல."

"நீல ஸ்டிக்கரா?"

"அப்போ உங்க வீட்டுலதான் ஒட்டியிருக்காளா? கடையில ஒரு அட்டை பூரா வாங்கினா." மைத்துனி அவன் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கார்டு மாட்டப் போறோம். நான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

"நான் வரேன்."

"போய் அழுதுடக் கூடாது."

"ம்."

"திட்டக் கூடாது. முக்கியமா, 'உன் வயசுல நானெல்லாம்'னு ஆரம்பிச்சீங்கன்னா இந்தப் பிரேக்கை அங்க வந்து மிதிப்பேன்."

அவன் தலையாட்டப் போனான். பாதியில் நிறுத்தி, "சரி" என்று வாயால் சொன்னான்.

*

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் நான்கு நாற்காலிகள், சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பல்லின் படம். அவன் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி. வழக்கமாகப் பட்டறையின் வண்டியில் வர வேண்டிய பெட்டி.

மைத்துனி கதவைத் திறந்து மகளை உள்ளே விட்டாள். "வண்டியை நிறுத்திட்டு வரேன்" என்று போனாள். போனவள் வரவே இல்லை.

மகள் அவனைப் பார்த்தாள். காதுக்குக் கீழே, தாடை மடங்கும் இடத்தில், ஒரு சின்ன உருண்டை எழுந்து நின்றது. பிளாஸ்டரில் இது வராது. அவன் ஆயிரம் வாய்களைக் கையில் எடுத்திருக்கிறான், இந்த உருண்டையைப் பார்த்ததில்லை. மேசைக்கு எதிரே தினமும் இருந்திருக்க வேண்டும்.

"சித்தி உளறிட்டாங்களா?"

"இல்ல. உன் பல்லு சொல்லிடுச்சு. பட்டறைக்கு வந்துச்சு."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "ஐயோ" என்றாள். புத்தகப் பையை இறக்கிவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பிறகு அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்து, "அழப் போறீங்களா?" என்றாள்.

கேட்டதில் கனிவும் இல்லை, கோபமும் இல்லை. குடை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

"தெரியல" என்றான்.

"வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

"சரி."

கொஞ்ச நேரம் இருவரும் சுவரில் இருந்த பல்லைப் பார்த்தார்கள்.

"பாத்ததும் என்ன நினைச்சீங்க?" என்றாள் அவள். ஆர்வத்தை மறைக்க முடியவில்லை. "அந்த விளையாட்டு ஆடினீங்களா? மெழுகு மாமாகூட?"

"ஆடினேன்."

"என்ன வயசு சொன்னீங்க?"

"நாப்பது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிப்பு பாதியில் தேய்ந்து நின்றது. "நாப்பதா?" என்று இன்னொரு முறை கேட்டாள், அதில் சிரிப்பு இல்லை.

"வேற என்ன சொன்னீங்க?"

அவன் சொன்னான். கத்தாத ஆள் என்றதை, பார்த்துப் பார்த்துச் செய்யும் ஆள் என்றதை, வீட்டில் ஒருவரைச் சுமக்கும் ஆள் என்றதை. சீக்காளி சௌகரியமாக இருப்பான் என்றதையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"உன் ப்ராஜெக்ட் என்ன?" என்றான் அவன்.

"அதுவா?" அவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. "டாக்டர் சொன்னாங்கப்பா, பல்லும் பல்லும் படவேண்டியது சாப்பிடும்போதுதானாம். மத்த நேரம் உதடு மூடியிருக்கலாம், ஆனா உள்ள பல்லு விலகித்தான் இருக்கணுமாம். எனக்கு அது தெரியவே தெரியாது. எல்லாரும் கடிச்சுக்கிட்டுதான் இருப்பாங்கன்னு நினைச்சேன்."

"நானும் சொன்னதில்ல."

"நீங்க கேட்டதில்ல, நான் சொன்னதில்ல, விடுங்க. அப்புறம் ஸ்டிக்கர். கண்ணு படற இடத்துல எல்லாம் ஒட்டணும். பாக்கும்போதெல்லாம் கடிக்கறோமான்னு கவனிக்கணும். கடிச்சா தாடையைத் தளர்த்தி மூச்சு விடணும். அவ்வளவுதான் அவங்க சொன்னது. நான் அதுல ஒண்ணு சேத்தேன். எந்த இடத்துல கடிக்கலையோ, அந்த ஸ்டிக்கரை எடுத்துட்டேன்."

அவனுக்குப் புரிந்தது. கழித்துக்கொண்டே வந்தது இதைத்தான்.

"கடிகாரம் போச்சு. படிக்கற மேசை விளக்கு போச்சு. பாருங்க, பரீட்சைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. கணக்குப் புத்தகத்து மேலகூட ஒட்டினேன். அங்க கடிக்கவே இல்லப்பா! எனக்கே ஆச்சரியம்."

"மிச்சம்?"

அவள் குரல் இறங்கியது. "நாலு. வாசல் கதவு. நீங்க வர்ற சத்தம் கேட்டதும், இன்னைக்கு எப்படி வராருன்னு... அப்புறம் ஃபிரிட்ஜ். வெச்சது அப்படியே இருக்கான்னு பாப்பேன்."

"நாற்காலி."

"ம்."

அவன் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினான். "எல்லாம் நான்தான்."

"எல்லாம் இல்ல." அவள் அவசரமாகச் சொன்னாள். "கண்ணாடி எனக்கு."

"கண்ணாடியில என்ன?"

அவள் நாக்கு நுனியால் திரும்பியிருந்த அந்தப் பல்லைத் தொட்டாள். "சிரிச்சா அம்மா மாதிரியே இருக்கேன். நீங்க பாத்துட்டா அன்னைக்கு பூரா அறையை விட்டு வர மாட்டீங்களோன்னு, வாயை மூடியே சிரிச்சுப் பழகினேன். அப்புறம் அது கடிக்கறதாயிடுச்சு."

வருகிறதென்றால் முன்னாடியே சொல்லச் சொல்லியிருந்தாள்.

"வருது" என்றான்.

"சரி" என்றாள் அவள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நடுவில் இருந்த காலி நாற்காலியில் வைத்தாள். அவன் அழுதான். பெரிதாக இல்லை. அவள் எழுந்து ஓடவில்லை, தண்ணீர் கொண்டுவரவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள். ஏமாற்றம் மாதிரிகூட இருந்தது.

"அவ்வளவுதான் போல."

"நான் என்னமோ ஏதோன்னு நினைச்சுட்டேன்ப்பா."

*

மருத்துவர் அம்மாள் உள்ளே கூப்பிட்டார். அவன் யார் என்று தெரிந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இவ்வளவு வருஷம் உங்க கைவேலையை மட்டும்தான் பாத்திருக்கேன். வாங்க, நீங்களே மாட்டுங்க."

"எனக்குப் பழக்கமில்ல, டாக்டர். நான் பிளாஸ்டர்லதான்..."

"பிளாஸ்டர் பேசாது. இது பேசும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் கையுறை போட்டுக்கொண்டான். நைட் கார்டு மேல்பற்களில் 'டக்' என்று உட்கார்ந்தது. மருத்துவர் ஒரு நிறக் காகிதத்தை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். வெளியே எடுத்தபோது இடது பக்கம் அழுத்தமாக ஒரு கறை.

"அங்க இடிக்குது" என்றாள் மகள்.

அவன் தேய்த்தான். திரும்ப மாட்டினான். "இப்போ?"

"இன்னும்."

தேய்த்தான். "இப்போ?"

"கொஞ்சம் பின்னாடி."

"இங்கயா?"

"இல்ல, இன்னும் உள்ள. ஆங், அதான்."

பட்டறையில் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்க ஆளும் இருந்ததில்லை. பார்ப்பான், முடிவு செய்வான், அனுப்பிவிடுவான். இங்கே அவள் சொல்லாமல் அவனால் ஒரு மயிரிழைகூட நகர முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல அவன் கை போனது.

"இப்போ?"

அவள் கண்ணை மூடி மெதுவாகக் கடித்துப் பார்த்தாள். "இப்போ எங்கயும் இடிக்கல."

மருத்துவர் அம்மாள் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க ரெண்டு பேரும். இது பல்லைக் காப்பாத்தும், அவ்வளவுதான். கடிக்கறதை நிறுத்தாது. அது தனி வேலை. படபடப்பு அடிக்கடி வந்தா, தூக்கம் கெட்டா, என்கிட்ட வராதீங்க. அதுக்குன்னு பேசறவங்க இருக்காங்க, நான் சொல்லி அனுப்பறேன். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

"அப்பாவும் போலாமா?" என்று மகள் கேட்டாள்.

மருத்துவர் அவனைப் பார்த்தார். "அப்பா கேக்கட்டும்."

அவன் கையுறையைக் கழற்றினான். "போலாமா, டாக்டர்?"

*

வெளியே வெயில் இறங்கியிருந்தது. சாலையின் மறுபக்கம் பயிற்சிக் கார் நின்றிருந்தது. மைத்துனி உள்ளே உட்கார்ந்து போன் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தாளோ என்னவோ.

கிளினிக் வாசற்படியில் மகள் நின்றாள்.

"அப்பா, இன்னொரு இடம் இருக்கு. அங்க ஸ்டிக்கர் ஒட்டல. ஒட்டியிருந்தா நாலு அஞ்சாயிருக்கும்."

"எங்க?"

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "தங்கிப் படிக்கற ஒரு ஸ்கூல். அறிவியலுக்குன்னே தனியா இருக்கு. ரெண்டு வருஷம். ரயில்ல ஒரு ராத்திரி பூரா போகணும். டீச்சர் எழுதச் சொன்னாங்கன்னு தேர்வு எழுதினேன். கிடைக்காதுன்னுதான் எழுதினேன். கிடைச்சுடுச்சு."

"எப்போ?"

"போன வாரம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணும். சித்திக்கும் தெரியாது."

அவன் வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. 'போம்மா, என்னைப் பத்திக் கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்.' நல்ல பதில்தான். தலையாட்டுவதைப் போலவே இருந்தது. அவன் அதை விழுங்கினான்.

"நீ என்ன நினைக்கறே?"

"நான் போனா நீங்க..."

"அதை அப்புறம் கேக்கலாம். நீ."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போறதுக்குப் பயமா இருக்கு. போகாம இருந்துடுவேனோன்னும் பயமா இருக்கு."

"எது பெருசு?"

அவள் திகைத்தாள். காதுக்குக் கீழே எழப் பார்த்த உருண்டை எழாமலே அடங்கியது.

"ரெண்டையும் பிரிச்சுப் பாக்கவே இல்லப்பா நான். ஒரே உருண்டையா வெச்சிருந்தேன்." புருவம் சுருங்கியது. "இருங்க. யோசிச்சுச் சொல்றேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபக்கத்தில் மைத்துனி ஹார்ன் அடித்தாள். அவன் கையை உயர்த்தி, இரு என்று காட்டினான். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, வண்டியின் எஞ்சினை அணைத்தாள்.

அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதடுகள் லேசாகப் பிரிந்திருக்க, தனக்குள் எதையோ எடைபோட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பதில் வந்தாலும் தன்னால் தாங்க முடியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றி வெகுநாளாகிவிட்டது.